‘தூய இரும்பு’ என்றால் என்ன அர்த்தம்? பூமியின் நடுவைக் கணக்குப் போட்டவரின் கதை

1952-ல் அமெரிக்கப் புவி இயற்பியல் இதழ் ஒன்றில் வெளிவந்த அறுபது பக்கக் கட்டுரையில், அடிக்குறிப்பாக ஒரு குட்டி அகராதி இருக்கிறது. பூமியின் உட்பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாதாரண மொழிகூட உயரழுத்தத்தில் உருமாறிவிடும், விவரம் தெரியாத வாசகர்கள் உஷாராக இருக்கவும் என்று எச்சரித்துவிட்டு, பக்கத்தில் பொருள் தருகிறார் கட்டுரையாளர். ‘நிச்சயம்’ என்று யாராவது எழுதியிருந்தால் ‘சந்தேகம்’ என்று படித்துக்கொள்ளவும். ‘ஐயமில்லை’ என்றால் ‘இருக்கலாம்’. ‘அசைக்க முடியாத ஆதாரம்’ என்றால் ‘லேசாக அப்படித் தோன்றுகிறது’. கடைசியாக, ‘தூய இரும்பு’ என்றால் ‘எல்லாத் தனிமங்களும் கலந்த, இன்னதென்று சொல்ல முடியாத கலவை’.

எழுதியவர் ஃபிரான்சிஸ் பர்ச். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இந்த நக்கலை அடிக்குறிப்பில் வைத்த அதே கட்டுரையில்தான், பூமிக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்குப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் நாம் மனப்பாடம் செய்கிற விஷயத்துக்கு உருப்படியான அடித்தளத்தையும் போட்டார். மேலோடு, கவசம், கருவம். கருவத்தில் இரும்பும் நிக்கலும். ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு வந்துவிட்டோம், ஆனால் யார் போய்ப் பார்த்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

யாரும் போய்ப் பார்க்கவில்லை, அதுதான் பதில். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் காலத்தில் வருடக்கணக்கில் துளைத்துத் துளைத்து 1989-ல் 12,262 மீட்டர் வரை போனார்கள். பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆப்பிள் என்று எடுத்துக்கொண்டால் தோலைக்கூட முழுசாகத் தாண்டவில்லை. ஆக, உள்ளே இருப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே நின்றுகொண்டு தெரிந்துகொண்டதுதான்.

வெளியே நின்றுகொண்டு என்ன தெரியும்? முதலில் எடை. 1798-லேயே கேவண்டிஷ் என்பவர் ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்குக்குப் பக்கத்தில் என்று கண்டுபிடித்துவிட்டார். காலுக்குக் கீழே இருக்கும் கருங்கல்லின் அடர்த்தியோ 2.7தான். அப்படியென்றால் உள்ளே ஏதோ கனமாக இருக்க வேண்டும். அடுத்தது நிலநடுக்க அலைகள். 1906-ல் ஓல்டம் என்பவர் (இவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர்) அலைகள் வந்துசேரும் நேரத்தை வைத்து பூமிக்கு நடுவே தனியாக ஒரு கருவம் இருக்கிறது என்று காட்டினார். 1926-ல் ஜெஃப்ரீஸ் அது திரவம் என்றார், ஏனென்றால் திரவத்துக்குள் போக முடியாத வகை அலைகள் அங்கே போய் நின்றுவிடுகின்றன. 1936-ல் டென்மார்க்கின் இங்கே லேமன் அந்தத் திரவத்துக்கும் நடுவே இன்னொரு உருண்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆக 1930-களின் நடுவிலேயே வரைபடம் ஓரளவு தயார். 2,890 கிலோமீட்டரில் கவசம் முடிகிறது, அங்கே அலையின் வேகம் விநாடிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேலிருந்து சடாரென்று எட்டுக்கு விழுகிறது.

ஆனால் வேகம் வேகம்தான், அது பொருள் இல்லை. விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அலையைக் கடத்தும் திரவம் எது? இரும்பா, உருகிய பாறையா, வேறு ஏதாவதா? அந்த ஆழத்து அழுத்தத்தில் இரும்பும் பாறையும் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாத வரைக்கும் வரைபடம் வெறும் கோடுதான். கோட்டுக்குள் பெயர் எழுத வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் பொருள்களை நசுக்கிப் பார்க்க வேண்டும். பர்ச் அதற்குத்தான் வந்தார், ஆனால் நேராக வரவில்லை.

1903-ல் வாஷிங்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் 1924-ல் மின்பொறியியல் முடித்துவிட்டு நியூயார்க்கில் டெலிபோன் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை. அப்புறம் உதவித்தொகை கிடைத்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் போய், காந்தவியலில் பெரிய பெயரான பியர் வைஸின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காந்தம், மின்சாரம் என்று போய்க்கொண்டிருந்த ஆள், 1928-ல் திரும்பி வந்து ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்காகப் போய்ச் சேர்ந்த இடம் பெர்சி பிரிட்ஜ்மனிடம்.

பிரிட்ஜ்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உயரழுத்த இயற்பியல் என்ற துறையே ஏறக்குறைய அவர் கையால் கடைசலில் கடைந்து எடுத்ததுதான். அவருக்கு முன்னால் எல்லோரையும் மடக்கிப் போட்டது கசிவு. திரவத்தை அடைத்து அழுத்திக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் மூடி விட்டுக்கொடுத்துவிடும், பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். பிரிட்ஜ்மன் கண்டுபிடித்த மூடியின் தந்திரம் நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. உள்பக்கமாக மூடும் குக்கரைப் பாருங்கள்: உள்ளே ஆவி ஏற ஏற, மூடி கீழிருந்து மேலே தள்ளப்பட்டு ரப்பர் வளையத்தின் மேல் இன்னும் இறுக்கமாக உட்காரும். அழுத்தமே அடைப்பை இறுக்குகிறது. பிரிட்ஜ்மன் இதற்கும் ஒரு படி மேலே போனார். உள்ளே எவ்வளவு பரப்பில் அழுத்தம் தள்ளுகிறதோ அதைவிடக் குறைந்த பரப்பில் அந்த விசை வளையத்தின் மேல் இறங்கும்படி அமைத்தார். அதனால் வளையத்தில் இருக்கும் அழுத்தம் எப்போதும் உள்ளே இருப்பதைவிடக் கூடுதல். கசிய வழியே இல்லை. உலோகம் வெடித்தால்தான் உண்டு, வெடிக்கவும் செய்தது. இந்த ஒரு யோசனையால் ஆயிரக்கணக்கான வளிமண்டலங்கள் என்றிருந்த எல்லை பத்தாயிரங்களுக்குத் தாவி, பின்னாளில் லட்சத்தைத் தொட்டது. ஒப்பிட்டுப் பார்க்க: நாம் இருக்கும் இடம் 1 வளிமண்டலம், குக்கருக்குள் சுமார் 2, உலகின் மிக ஆழமான கடற்பகுதியான மரியானா அகழியின் அடியில் 1,000 சொச்சம். பனிக்கட்டி ஒரே மாதிரி இல்லை, அழுத்தத்துக்கு ஏற்ப அணுக்கள் வேறு வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும் பனிக்கட்டிகள் உண்டு என்பதில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வகைகளைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1946-ல் நோபல் பரிசு.

பர்ச் அவரிடம் செய்த ஆய்வு பாதரசத்தைப் பற்றியது. பாதரசத்தைச் சூடுபடுத்தி அழுத்திக்கொண்டே போனால் திரவம் எது, ஆவி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு புள்ளி வரும். அது சுமார் 1,460 டிகிரி செல்சியஸ் என்று மின்தடையை அளந்து கண்டுபிடித்தார். 1932-ல் பட்டம். அதே சமயத்தில் ஹார்வர்டின் புவியியல் பேராசிரியர் ரெஜினால்ட் டேலி ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார்: மாடிக்கு மாடி இயற்பியல் ஆட்கள் உலோகத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறார்களே, பாறையை நசுக்கினால் என்ன? அதற்கென்று ஒரு குழு போட்டார்கள், பர்ச்சுக்கு வேலை கிடைத்தது. பாறை என்றால் என்னவென்று முறையாகப் படிக்காத இயற்பியல்காரர் இப்படித்தான் புவியியல் துறைக்குள் வந்து, பின்னாளில் அமெரிக்கப் புவியியல் சங்கத்துக்கே தலைவரானார்.

பாறையை நசுக்குவது உலோகத்தை நசுக்குவது மாதிரி இல்லை. ஒரு கருங்கல் துண்டை உருளையாகச் செதுக்கி, ஓர் உறையைப் போட்டு, அழுத்தக் கலத்துக்குள் வைத்து, ஒலி அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எவ்வளவு நேரம் என்று அளக்கிறீர்கள். உறை இல்லையென்றால் அழுத்தும் திரவம் கல்லுக்குள் புகுந்துவிடும், கணக்கு கெட்டுவிடும். ஏன் புகுகிறது என்றால், பார்வைக்குக் கெட்டியாக இருக்கும் கல் நிறைய முடி போன்ற விரிசல்கள். முதல் ஓரிரண்டாயிரம் வளிமண்டலத்துக்குள் அலையின் வேகம் மளமளவென்று ஏறும், ஏனென்றால் விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. அதற்கு அப்புறம்தான் வேகம் மெல்ல மெல்ல, நிதானமாக ஏறும். அந்த நிதானமான ஏற்றம்தான் கல்லின் நிஜமான குணம். அதாவது தரையில் கிடக்கும் கல்லை எடுத்து அளந்துவிட்டு ‘பூமிக்குள் இப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னால் அது விரிசலின் வேகம், கல்லின் வேகம் இல்லை. 1960-61-ல் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாறை மாதிரிகளை 10,000 வளிமண்டலம் வரை அழுத்திப் பார்த்து வெளியிட்ட பட்டியலைப் புவி இயற்பியலில் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். இந்த மாதிரிப் பட்டியல் போடும் வேலைக்கு விருதும் கிடையாது, கைத்தட்டலும் கிடையாது. அவர் 1942-லேயே பாறை, கனிமங்களின் இயற்பியல் எண்களைத் தொகுத்து ஒரு கையேடு போட்டிருந்தார். அந்த வருடம்தான் போர் அவரை இழுத்துக்கொண்டது.

முதலில் ரேடார் ஆய்வுக்கூடம், அப்புறம் கடற்படைச் சீருடை, அதற்கப்புறம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமாஸ், அதாவது அணுகுண்டை ரகசியமாகச் செய்துகொண்டிருந்த ஆய்வுக்கூடம். அங்கே தலைமை வகித்த ஓப்பன்ஹைமரும் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது பிரிட்ஜ்மனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான், உலகம் அவ்வளவு சின்னது. பர்ச்சுக்குக் கிடைத்தது துப்பாக்கி முறை. யுரேனியத் துண்டு ஒன்றைப் பீரங்கிக் குழலுக்குள் வெடிமருந்தால் சுட்டு இன்னொரு யுரேனியத் துண்டின் மேல் மோதவைப்பது. புளூட்டோனியத்துக்கு இந்த முறை சரிப்படாது, துண்டுகள் சேர்வதற்கு முன்பே பிசுபிசுத்துவிடும் என்று 1944-ல் தெரியவந்ததும் மற்றவர்கள் எல்லோரும் வேறு வடிவமைப்புக்கு மாறினார்கள். யுரேனியக் குண்டு மட்டும் பர்ச்சின் பொறுப்பில் நின்றது. அதுதான் ‘லிட்டில் பாய்’.

பசிபிக் பெருங்கடலில் உள்ள தினியன் தீவில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. குண்டின் உட்பகுதி தெரியும் அபூர்வமான படங்களில் ஒன்று. பர்ச் குனிந்து குண்டைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்; பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் நார்மன் ராம்சே, பின்னாளில் அணுக் கடிகாரங்களுக்கு வழிவகுத்த வேலைக்காக 1989-ல் நோபல் வாங்கியவர். அந்தத் தீவின் ஓடுபாதையில் கனமான விமானங்கள் எழும்பும்போது விபத்துக்குள்ளாவது புதிதில்லை, வெடிமருந்து ஏற்றிய குண்டோடு ஒன்று விழுந்தால் தீவே போய்விடும் என்ற பயம் இருந்தது. விமானம் வானில் ஏறிய பிறகு வெடிமருந்தை உள்ளே செருகிக்கொள்ளலாம் என்று குழலின் பின்மூடியை இரட்டை அடைப்பாக மாற்றி அமைத்தது பர்ச்சின் யோசனை. 1945 ஆகஸ்ட் 6 காலையில் விமானத்துக்குள் அப்படித்தான் ஏற்றினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கிளம்பும் இடத்தில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு மனிதர் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார், சேரும் இடத்தில் என்ன நடந்தது என்று இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை. அவருக்கு ராணுவப் பதக்கம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஹார்வர்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாறைகளை எடுத்துக்கொண்டார்.

1947-ல் வந்தது அவர் பெயரை இன்றும் சுமக்கிற சமன்பாடு. பர்ச்–மர்னகன் சமன்பாடு என்பார்கள். கணிதவியலாளர் மர்னகன் போட்டுவைத்த பாதையில் பர்ச் நடந்து போய்ப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். விஷயம் இதுதான். பஞ்சு மூட்டையை மிதித்து அடைத்திருக்கிறீர்களா? முதல் மிதியில் அரை அடி இறங்கும். அடுத்த மிதியில் நான்கு விரல்கடை. அப்புறம் ஏறிக் குதித்தாலும் அசையாது. எந்தத் திண்மமும் அப்படித்தான், நசுங்க நசுங்க மேற்கொண்டு நசுங்க மறுக்கும். எவ்வளவு மறுக்கும் என்பதுதான் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் அப்போது எட்டக்கூடியது லட்சம் வளிமண்டலம். கவசத்தின் அடியில் இருப்பது பதின்மூன்றரை லட்சம், பூமியின் மையத்தில் சுமார் 36 லட்சம். முதல் இரண்டு மிதியை வைத்துக்கொண்டு இருபதாவது மிதியைச் சொல்ல வேண்டும். நேர்கோடு போட்டு நீட்டினால் அபத்தமான விடை வரும். பொருளுக்குள் சேமித்துவைக்கப்படும் ஆற்றல் நசுக்கத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்பதிலிருந்து ஆரம்பித்து, தொலைதூரத்துக்கு நீட்டினாலும் தடம்புரளாத ஒரு வளைகோட்டைக் கொடுத்தார் பர்ச். இரண்டே இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: ஆரம்பத்தில் பொருள் எவ்வளவு விறைப்பு, அழுத்தம் ஏற ஏற அந்த விறைப்பு என்ன வீதத்தில் கூடுகிறது. இரண்டாவது எண் பெரும்பாலான பொருள்களுக்கு நான்கை ஒட்டியே வருகிறது, அது ஓர் அதிர்ஷ்டம்.

இப்போது 1952 கட்டுரைக்கு வரலாம். நிலநடுக்கம் இரண்டு வகை அலைகளை அனுப்புகிறது. அந்த இரண்டு வேகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த ஆழத்தில் இருக்கும் பொருளின் விறைப்பை அதன் அடர்த்தியால் வகுத்தால் என்ன வருமோ அந்த எண் கிடைக்கும். என்ன பொருள் என்றே தெரியாமல் அதன் விறைப்பு தெரிகிறது! மறுபக்கம், ஆய்வுக்கூடத்துச் சமன்பாடு ஒரே பொருள் ஆழமாகப் போகப் போக விறைப்பு எப்படிக் கூட வேண்டும் என்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். சுமார் 900 கிலோமீட்டரிலிருந்து கவசத்தின் அடி வரை அழகாக ஒட்டிக்கொண்டன. அதாவது அங்கே இருப்பது மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரியான பொருள், தன் எடையாலேயே நசுங்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே, 200-க்கும் 900-க்கும் நடுவில், ஒட்டவே இல்லை. விறைப்பு நியாயமாக ஏற வேண்டியதைவிட வேகமாக ஏறுகிறது. அங்கே பொருளே மாறுகிறது அல்லது பொருளின் அணு அடுக்கு மாறுகிறது என்றார். ஒலிவின் போன்ற கனிமங்கள் அழுத்தம் தாங்காமல் நெருக்கமான வேறு வடிவங்களுக்கு மாறுகின்றன என்பதே அவர் ஊகம். பிற்பாடு 410, 660 கிலோமீட்டர் ஆழங்களில் இந்த மாற்றங்கள் நடக்கும் படிகளை நிலநடுக்கப் பதிவுகளிலேயே பிரித்துப் பார்த்தார்கள், அதே கனிமங்களை ஆய்வுக்கூடத்திலும் செய்தார்கள். அதில் முன்னணியில் இருந்த ஆஸ்திரேலியர் டெட் ரிங்வுட், 1950-களின் கடைசியில் ஹார்வர்டுக்கு வந்து பர்ச்சோடு வேலை பார்த்துவிட்டுப் போனவர்.

கருவத்தைப் பற்றித்தான் சண்டை. உள்ளே இரும்பு என்பது பழைய நம்பிக்கைதான், விண்கற்களில் இரும்பு இருக்கிறது, பூமிக்குக் காந்தம் இருக்கிறது, ஆகவே இரும்பு. 1948-ல் இங்கிலாந்தில் டபிள்யூ. ஹெச். ராம்சே (புகைப்படத்தில் நின்ற ராம்சே இல்லை, இவர் வேறு) புதிதாக ஒன்று சொன்னார். கருவத்தில் இரும்பே வேண்டியதில்லை. கவசத்தில் இருக்கும் அதே பாறைதான் அழுத்தத்தில் உலோகமாக மாறி, அடர்த்தியாகி, கருவமாகத் தெரிகிறது. கேட்பதற்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். பூமி, வெள்ளி, செவ்வாய் எல்லாம் ஒரே மாவு, ஒரே பதம், உருண்டை பெரிதானால் நடுவில் அழுத்தம் கூடி அடர்த்தியும் கூடும். ஒரே வரியில் கோள்களின் அடர்த்தியெல்லாம் விளங்கிவிடும். புதன் மட்டும் இடித்தது. ஆளோ குட்டி, அடர்த்தியோ பூமியை ஒட்டி 5.4. அங்கே பாறையை உலோகமாக்க அழுத்தம் எங்கே போவது?

பர்ச் இந்தச் சண்டையை முடித்த விதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அவருக்கு உதவியது மறுபடியும் அந்தப் பழைய இடம். வெடிபொருளால் ஓர் உலோகத் தகட்டை இன்னொன்றின் மேல் மோதவிட்டால், ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, பூமியின் கருவத்தில் இருக்கும் அழுத்தம் உண்டாகும். இந்த நுட்பத்தை வளர்த்தவர்கள் அணுகுண்டு செய்தவர்கள்தான், லாஸ் அலமாஸிலும் சோவியத் தரப்பிலும். 1950-களின் கடைசியில் இரு தரப்பும் உலோகங்களுக்கான அளவீடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட ஆரம்பித்தன. பர்ச் அவற்றை எடுத்து ஒரு வரைபடத்தில் வைத்தார், ஒரு பக்கம் அடர்த்தி, இன்னொரு பக்கம் ஒலி போகும் வேகம். ஒவ்வொரு உலோகமும் தன் அணு எடைக்கு ஏற்ப ஒரு தனிக் கோட்டில் வரிசையாக நின்றது. லேசான அணுக்களின் கோடு ஒரு பக்கம், கனமானவற்றின் கோடு மறுபக்கம். அந்தப் படத்தில் நிலநடுக்கம் சொன்ன கவசத்தையும் கருவத்தையும் குறித்துப் பார்த்தால், கவசம் மெக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன் கலந்த பாறைகள் நிற்கும் இடத்தில் போய் நின்றது. கருவம் அங்கிருந்து விலகி இரும்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரே பாறை உருமாறியது என்றால் இவ்வளவு தூரம் நகராது. ராம்சேயின் யோசனை அதோடு போச்சு.

ஆனால் ‘இரும்புக்குப் பக்கத்தில்’ என்றேனே, அதைக் கவனிக்க வேண்டும். இரும்பின் மேல் இல்லை. கருவத்தின் மேல்விளிம்பில் அடர்த்தி சுமார் 9.9. அதே அழுத்தத்தில், அதே சூட்டில் வெறும் இரும்பு இருந்திருந்தால் 11-ஐ ஒட்டி வர வேண்டும். ஆகக் கருவம் இரும்பைவிடக் கொஞ்சம் லேசு. 1952-லேயே இதைச் சொல்லிவிட்டார், 1964-ல் சுமார் 10 சதவீதம் என்று எண்ணை நிறுத்தினார். நிக்கல் கலந்தால் இந்தக் குறை தீராது, அது இரும்பைவிட லேசு இல்லை. ஏதோ ஒரு லேசான தனிமம் கலந்திருக்கிறது, எது என்று தெரியாது. அடிக்குறிப்பில் ‘தூய இரும்பு’க்கு அவர் கொடுத்த பொருள் கிண்டலுக்கு மட்டும் எழுதியது இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. நம் பாடப்புத்தகங்களில் நிக்கல் பெயர் வந்துவிட்டது, இந்தப் பத்து சதவீதம் மட்டும் வரவே இல்லை. எனக்கென்னவோ அந்த வரியை விட அந்த ஓட்டைதான் சுவாரசியம்.

பர்ச் எட்ட முடியாமல் சமன்பாட்டால் தாவிய தூரத்தை அடுத்த தலைமுறை கையாலேயே எட்டிவிட்டது. 1958-ல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில், கடத்தல்காரர்களிடம் அரசாங்கம் பிடுங்கிவைத்திருந்த வைரங்களை வாங்கிவந்து, இரண்டு வைரங்களின் கூர்முனைகளுக்கு நடுவே மாதிரியை வைத்து நெருக்கும் கருவியைச் செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். பரப்பு முடியளவு என்பதால் திருகாணியைக் கையால் திருகினாலே லட்சக்கணக்கான வளிமண்டலம் வரும், வைரம் ஒளி ஊடுருவுவதால் உள்ளே நடப்பதைப் பார்க்கவும் முடியும், லேசரால் சுடவும் முடியும். இந்தக் கருவியைப் பற்றி 1983-ல் வந்த, துறைக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் படிக்கிற விரிவான ஆய்வுக் கட்டுரையை எழுதியவர் அய்யாசாமி ஜெயராமன், பெங்களூரில் சி. வி. ராமனிடம் வேலை கற்று, அமெரிக்காவில் பெல் ஆய்வகத்துக்குப் போனவர். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்திலும் வைரக் கலங்களை வைத்து அழுத்த ஆய்வு நடக்கிறது.

2010-ல் ஜப்பானில் இரும்பை 377 கிகா பாஸ்கல் (ஒரு கிகா பாஸ்கல் என்பது சுமார் பத்தாயிரம் வளிமண்டலம்), அதாவது பூமியின் மையத்தைவிடக் கூடுதலாக அழுத்தி, 5,700 கெல்வின் சூடும் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால், இரும்பு எந்தச் சூட்டில் உருகும் என்பதிலேயே முப்பது வருடம் அடிதடி. உள்கருவம் திண்மம், வெளிக்கருவம் திரவம் என்பதால் இரண்டும் சந்திக்கும் இடத்துச் சூடுதான் இரும்புக் கலவையின் உருகுநிலை. அது தெரிந்தால் பூமியின் நடுச்சூடு தெரிந்துவிடும். 1987-ல் கலிஃபோர்னியாவில் அளந்தவர்கள் அந்த அழுத்தத்தில் தூய இரும்பு உருகுவது சுமார் 7,600 கெல்வின் என்றார்கள். 1993-ல் ஜெர்மனியில் அளந்தவர் 4,850 என்றார். நடுவில் கிட்டத்தட்ட மூவாயிரம் டிகிரி! 2013-ல் பிரான்சில் எக்ஸ் கதிரை வைத்து, உருகியதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குப் பதில் அணு அடுக்கே கலைகிறதா என்று பார்த்து, 6,200-ஐ ஒட்டி என்றார்கள். இப்போதைக்குப் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ‘நிச்சயம்’ என்றால் ‘சந்தேகம்’ என்று படிக்கச் சொன்னவர் 1992-ல் இறந்துபோனார், இந்தக் கூத்தின் பாதியைத்தான் பார்த்தார்.

பூமியை விட்டு வெளியே போனாலும் வேலை அதே வேலை. யுரேனஸ், நெப்டியூன் உள்ளே தண்ணீர் என்ன கதியில் இருக்கும் என்று லேசரால் அடித்துப் பார்த்ததில், ஆக்சிஜன் அணுக்கள் திண்மம் போல வரிசையில் நிற்க ஹைட்ரஜன் மட்டும் திரவம் போல அவற்றுக்கு நடுவே ஓடித்திரியும் ஒரு பனிக்கட்டி கிடைத்தது, கன்னங்கரேலென்று இருக்குமாம். 2019-ல் அதற்குப் பதினெட்டாவது பனிக்கட்டி என்று பெயர். பிரிட்ஜ்மன் ஏழில் விட்ட எண்ணிக்கை. பூமியைவிடப் பெரிய பாறைக் கோள்கள் வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகின்றன இல்லையா, அவற்றின் கருவத்தைப் பார்க்க 2018-ல் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 192 லேசர்கள் கொண்ட நிலையத்தில் இரும்பை 1,400 கிகா பாஸ்கல் வரை, பூமியின் மையத்தைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, அழுத்தினார்கள். லிவர்மோர் அணு ஆயுத ஆய்வுக்கூடம். கோள் ஆய்வுக்காக மட்டும் இவ்வளவு பெரிய லேசரை யாரும் கட்டித் தரமாட்டார்கள், பர்ச் காலத்திலும் இதுதான் நிலைமை.

பெயர் வைக்கும் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமத்துக்கு, கவசத்தின் கீழ்ப்பகுதியையே நிரப்பியிருப்பதற்கு, ரொம்ப நாள் முறையான பெயரே இல்லை, ஏனென்றால் இயற்கையில் கிடைத்த மாதிரி கையில் இருந்தால்தான் பெயர் வைக்கலாம் என்பது விதி. 1879-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹம் விண்கல்லுக்குள் ஒருவழியாக அதைக் கண்டுபிடித்து 2014-ல் பிரிட்ஜ்மனைட் என்று பெயரிட்டார்கள். ரிங்வுட்டின் பெயரில் ரிங்வுடைட் இருக்கிறது, அதுவும் அதே விண்கல்லில் முதலில் அகப்பட்டதுதான். பர்ச்சைட் என்றும் ஒரு கனிமம் உண்டு. தேடிப் பார்த்தால் அது வேறொரு பர்ச், மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருந்தவர். குருவுக்கும் கிடைத்தது, கூட வேலை பார்த்தவருக்கும் கிடைத்தது, நம்மாளுக்கு ஒரு சமன்பாடு.

அந்தப் பத்து சதவீதம் இன்னும் கணக்கில் திறந்தே கிடக்கிறது. வெப்பத்தைச் சரியாகச் சேர்த்தால் பத்து இல்லை, அதைவிடக் குறைவு என்பவர்கள் உண்டு. கந்தகம், சிலிக்கான், ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன் என்று ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஆய்வுக்குழு வக்கீல். இதே சிக்கல் இப்போது செவ்வாயிலும். 2018 நவம்பரில் அங்கே இறங்கிய இன்சைட் கலம் நிலநடுக்கமானியைத் தரையில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டது. 2021-ல் செவ்வாயின் கருவம் 1,830 கிலோமீட்டர் ஆரம் என்று அறிவித்தார்கள். அவ்வளவு பெரிசு என்றால் அடர்த்தி ஆறுதான் வரும், இரும்போடு லேசான தனிமங்களை ஏகத்துக்குக் கலந்தாலொழிய அது நடக்காது, அவ்வளவு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். 2023-ல் இரண்டு குழுக்கள் அதே பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, கருவம் என்று நினைத்ததன் மேல்பகுதி கருவமே இல்லை, இரும்புக்கு மேலே படர்ந்திருக்கும் உருகிய பாறை என்றன. ஆரம் 1,650-ஐ ஒட்டிச் சுருங்கியது, அடர்த்தி ஏறியது, கலக்க வேண்டிய லேசான தனிமங்களின் அளவும் நம்பும்படியாக இறங்கியது.